நாப்கின் வாங்க வராத பிள்ளைகள்

ஒரு பிள்ளைக்கு நேர்ந்த கொடுமை பேப்பரில் வந்துவிட்டால் டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரைக்கும் ஒரே கேள்விதான்: "இத்தனை மாசமா யாருக்குமே தெரியலையா?"

நான் கிராம சுகாதார செவிலியர். தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரக் கிராமங்களில் வேலை. யாரோ ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். குழந்தைக்கு எடை போட, தடுப்பூசிக்கு நாள் சொல்ல, பாட்டிக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க. அவர் கண்ணில் ஏதோ ஒன்று பட்டும் இருக்கும். பட்டதை யாரிடம் சொல்வது, சொன்னால் பிள்ளைக்கு என்ன ஆகும், தனக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்திருப்பார். அந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அத்தனை பேர் வீட்டுக்குள்ளும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக அடுப்படி வரைக்கும் போகக்கூடியவர் ஊரில் நர்சம்மா ஒருத்திதான். போலீஸ் ஜீப் வந்தால் தெருவே கூடிவிடும். அதிகாரிகள் வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பேச வேண்டியதை மட்டும் பேசுவார்கள். நான் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குழந்தைகள் பாதுகாப்புக்கு இதைவிட நல்ல இடம் வேறு எந்தத் துறைக்கும் கிடைக்காது.

என்னிடம் உள்ள பதிவேடுகளில் நான் அதிகம் நம்புவது நாப்கின் பதிவேட்டை. புதுயுகம் திட்டம் 2012-இல் வந்தது. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட், ஒவ்வொன்றிலும் 6 நாப்கின். பள்ளிக்குப் போகிறவர்களுக்கு அங்கேயே டீச்சர் கொடுத்துவிடுவார். படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எங்களிடமும் அங்கன்வாடியிலும் வாங்கிக்கொள்வார்கள். மேலிருந்து கேட்கும்போது எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை கொடுத்தோம், கையிருப்பு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். நான் பார்ப்பது கையெழுத்து இல்லாத கட்டத்தை. போன முறை வாங்கிய பிள்ளை இந்த முறை ஏன் வரவில்லை? அம்மாவோடு பெங்களூருக்குப் போயிருக்கலாம். கல்யாணம் முடிவாகியிருக்கலாம். ஏற்கெனவே முடிந்தும் இருக்கலாம். நாள் தள்ளிப்போயிருக்கலாம். வீட்டைவிட்டு வெளியே விடாத ஒரு ஆள் வந்து சேர்ந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் நான் அந்தக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். கையில் இரண்டு பாக்கெட் இருந்தால் தட்டுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் துவரையும் முடிந்தால் பெங்களூரு கட்டட வேலை, இல்லையென்றால் திருப்பூர். புருஷன் பெண்டாட்டி இருவரும் போய்விடுவார்கள். பிள்ளைகள் பாட்டியிடம். பாட்டிக்கும் நூறு நாள் வேலை, ஆடு மேய்ப்பு. மிச்ச நேரம் வீட்டில் பிள்ளை தனியாக இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து காட்டுப் பாதையில் வருகிற முகம் தெரியாதவனால் வரும் என்றுதான் பாட்டிமார் நினைக்கிறார்கள். "இருட்டறதுக்குள்ள வந்துடு" என்கிறார்கள். நான் பார்த்தவரையில் ஆபத்து பகலில், செருப்பைக் கழற்றிவிட்டு, உறவு முறை சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறது. 2007-இல் ஒன்றிய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியவர்கள். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது என் பக்கத்தில் இருந்த சிஸ்டர், "பசங்களுமா?" என்றார். பையன்களைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. காது கேளாத, பேச்சு வராத, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளை இன்னும் குறைவாக யோசிக்கிறோம். 2018-இல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த ஒரு சிறுமிக்கு நடந்தது நாட்டுக்கே தெரியும். ஆள் நடமாட்டம் நிறைந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அது.

இனி நான் சொல்லும் பிள்ளையின் வயது, ஊர், உறவு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். பாட்டி ஒருவர் பேத்தியை இழுத்துக்கொண்டு வந்தார். "நர்சம்மா, ஸ்கூல்ல குடுத்த பூச்சி மாத்திரை இதுக்குக் கேக்கல. வேற குடுங்க. எப்பப் பாரு வயித்து வலி, வயித்து வலின்னு உசுர வாங்குது."

பூச்சி மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதுதான். வயிற்று வலியும் எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். எப்போதெல்லாம் வலிக்கிறது என்று கேட்டேன். பிள்ளை தரையைப் பார்த்தது. பாட்டிதான் சொன்னார்: "நான் ஏரி வேலைக்குப் போற அன்னிக்கெல்லாம் வலிங்குது. கூடவே வரேன்னு ஒரே அடம். வெயில்ல இதை எங்கிட்டுக் கூட்டிப் போவேன்?"

வேலைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் வருகிற வலி. அதற்குமேல் நான் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. பாட்டிக்கு பிரஷர் பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் வெளியே காற்றாட உட்காருங்கள் என்று திண்ணையில் உட்கார வைத்தேன். பிள்ளையை எடை மெஷினில் ஏறச் சொன்னேன், இறங்கச் சொன்னேன், முள் எங்கே நிற்கிறது என்று அதையே படிக்கச் சொன்னேன். பிறகு கேட்டேன்: "ஆயா வேலைக்குப் போயிட்டா வீட்ல யாரு இருப்பாங்க கண்ணு?"

"யாரும் இல்ல."

நான் ஊசி டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்து அதுவே சொன்னது: "பெரியப்பா டிவி பாக்க வரும்."

"டிவி பாக்க வருமா?"

அவ்வளவுதான் என் பங்கு. அதன் வார்த்தையை அதற்கே திருப்பிச் சொன்னேன், அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. யார் என்ன செய்தார், எங்கே தொட்டார், எத்தனை தரம் என்று அடுக்கினால் பிள்ளை ஒன்று மூடிக்கொள்ளும், இல்லை நம் முகத்தைப் பார்த்து நாம் எதிர்பார்ப்பதைச் சொல்லும். நாளைக்குக் கோர்ட்டில் வக்கீல், "நர்ஸ் சொல்லிக் கொடுத்ததைச் சொல்றியா?" என்று கேட்கவும் நாமே வழி செய்துகொடுத்ததாகும். பிள்ளை சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. என் நோட்டில் தேதி, நேரம் போட்டு அதன் வாய்ச்சொல்லாகவே எழுதினேன். பெரியவர்கள் பேசுகிற வார்த்தை ஒன்றைக்கூட அதில் நுழைக்கவில்லை. துணியை விலக்கிப் பார்க்கவும் இல்லை. அது டாக்டரின் வேலை. ஒரே ஒரு தடவைதான் அது நடக்க வேண்டும்.

கடைசியில் அது கேட்டது: "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க நர்சம்மா."

இந்த இடத்தில் சரி என்று தலையாட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையிடம் "யாருகிட்டயும் சொல்லாதே" என்றிருக்கிறார். இன்னொரு ரகசியத்தை அதன் தலையில் நான் ஏற்றக்கூடாது. "நான் சொல்ல வேண்டியவங்க சில பேரு இருக்காங்க கண்ணு. ஆயாகிட்டயும் அவங்ககிட்டயும் மட்டும் சொல்லுவேன். ஊர்ல ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். நீ ஒரு தப்பும் செய்யல" என்றேன். கடைசி வாக்கியத்தை அன்றைக்குப் பலமுறை சொன்னேன்.

பாட்டியிடம் சொன்னபோது அவர் அழவில்லை. "அவன்தாம்மா எனக்கு ரேஷன் வாங்கியாந்து போடறான்" என்றார். பங்காளி வகையில் மகன் முறை. வண்டி வைத்திருப்பவர், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர், பெங்களூரிலிருந்து பிள்ளையின் அப்பன் அனுப்பும் பணத்தை எடுத்துத் தருகிறவர். பிள்ளை இதெல்லாம் தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்பவர்கள் அந்தச் சின்ன மண்டைக்குள் எவ்வளவு கணக்கு ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்தேன். 1996-இல் மும்பையில் தொடங்கிய எண் அது. இப்போது அரசே நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் தகவல் போனது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 19-ஆம் பிரிவுப்படி 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்திருப்பது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தண்டனையைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவிடுகிறார்கள். அந்த 19-ஆம் பிரிவிலேயே உள்ள இன்னொன்றைச் சொல்வதே இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் எந்த வழக்கும் போட முடியாது. நிரூபிப்பது நம் வேலை இல்லை. எங்கள் ஊழியர்களில் பாதிப் பேருடைய வாயை அடைப்பது "ஒருவேளை இல்லைன்னு ஆயிட்டா?" என்ற பயம்தான். அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதை.

பிள்ளையின் வாக்குமூலத்தை அது இருக்கும் இடத்திலேயே வாங்க வேண்டும், முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர், சீருடை இல்லாமல் என்று சட்டம் சொல்கிறது. அன்றைக்கு வந்தவர் சாதாரணப் புடவையில் வந்தார். பாய் விரித்து உட்கார்ந்து, பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினார். அவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. நாங்கள் முதலில் போன இடத்தில் அவசரப் பிரிவில் இருந்தவர், "போலீஸ் மெமோ எங்கே? எஃப்.ஐ.ஆர். காப்பி எங்கே? அது வந்த பிறகு ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடலாம்" என்றார். பெஞ்சில் பாட்டி மடியில் பிள்ளை. சுற்றிலும் கூட்டம், எல்லோர் பார்வையும் அங்கேதான். 2020 போக்சோ விதிகளில் ஆறாவது விதி தெளிவாக இருக்கிறது: அவசர மருத்துவ உதவி தருவதற்கு முன்நிபந்தனையாகப் போலீஸ் கடிதமோ மாஜிஸ்திரேட் உத்தரவோ எதையும் கேட்கக்கூடாது. புகார் பதிவாகாத நிலையிலும் பரிசோதனை செய்யலாம் என்று சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. பெண் பிள்ளை என்றால் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும், பிள்ளை நம்புகிற ஒருவர் கூட இருக்க வேண்டும். அந்தப் பக்கங்களின் ஜெராக்ஸ் என் பையில் தடுப்பூசி அட்டைகளோடு எப்போதும் இருக்கும். எடுத்து மேஜையில் வைத்தேன். குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே உறவுக்குப் பழகியவளா என்று விரலால் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் சொன்னது, 2022 அக்டோபரில் இன்னும் கடுமையாகவும் சொன்னது. செய்தால் அது ஒழுங்கீனம். அப்படியும் நான் உள்ளே கூடவே நின்றேன். வந்த பெண் டாக்டர் பிள்ளையிடம் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, "வேண்டாம்னா சொல்லு, நிறுத்திடறேன்" என்று சொல்லிச் செய்தார். காய்ச்சல் வார்டில் ஒரு டாக்டர் இவ்வளவு பொறுமையாக இருந்தால் நாம் ஆச்சரியப்படுவோம். இங்கே அது மருந்தில் பாதி.

இதற்குள் ஊரில் பேச்சு வந்துவிட்டது. "பங்காளிக்குள்ள ஆனது, உக்காந்து பேசி முடிச்சிக்கலாம்" என்று பெரியவர்கள் இரண்டு பேர் என்னிடமே வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். இது பேசி முடிக்கிற வழக்கு இல்லை, என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை என்றேன்.

இதையெல்லாம் செய்தது சரி என்று எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் எல்லாப் பிள்ளைகள் விஷயமும் இவ்வளவு நேர்க்கோட்டில் போவதில்லை. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். கர்ப்பிணிகளைக் கணினியில் பதியும் பிக்மி பதிவுக்கு ஆதாரைக் கேட்டால் சில பெண்களின் மாமியார் பையைத் துழாவிக்கொண்டே இருப்பார். பதினாறோ பதினேழோ. வீட்டைப் பொறுத்தவரை கல்யாணம் ஆனவள். சட்டத்தைப் பொறுத்தவரை அவள் சிறுமி. கணவனாகவே இருந்தாலும் 18 வயதுக்குக் கீழ் இருக்கும் மனைவியோடு உறவு குற்றம் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் பதிந்தால் தகவல் போயாக வேண்டும். இது ஊருக்கும் தெரிந்துவிட்டதால் பெண்ணை எட்டு மாதம் வரை தாய்மாமன் ஊரில் வைத்துவிடுகிறார்கள். ரத்தம் எவ்வளவு என்று பார்க்கவில்லை, இரும்புச்சத்து மாத்திரை இல்லை, ஸ்கேன் இல்லை. அல்லது போர்டு இல்லாத வீட்டில் கலைக்கப் போய் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். பிள்ளையைக் காக்க வந்த சட்டத்துக்குப் பயந்து பிள்ளையை மருத்துவத்திடமிருந்தே ஒளிக்கிறார்கள்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியப்பாவுக்கு முன்னால் அந்தச் சிறுமிக்கு வேறு துணை இல்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்திருப்பதும் பாதுகாப்புதான். 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுக்கும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. சிறுமிகளுக்கு 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்பு செய்யலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. இந்த இரண்டையும் நான் வீடுகளில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "வந்தா புடிச்சிக் குடுத்துடுவாங்க" என்ற பேச்சை உடைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் அதிகாரிகள் மாதாந்திரக் கூட்டத்தில் இளவயதுக் கர்ப்பம் எத்தனை என்று கேட்டு அந்த எண்ணிக்கைக்காக எங்களைத் திட்டுவதை நிறுத்தினாலே நிறையப் பிள்ளைகள் முதல் மூன்று மாதத்தில் பதிவுக்கு வந்துவிடுவார்கள். எண்ணிக்கை கூடினால், மறைந்திருந்தவர்கள் வெளியே வருகிறார்கள் என்றும் அர்த்தம்.

தகவல் கொடுத்த பிறகுதான் நீண்ட வேலை. பாட்டியின் ரேஷன் நின்றது. அம்மா பெங்களூரு வேலையை விட்டு வந்தாள். வாரக் கூலி போனது. குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்குப் பணம் தர 2020 விதிகளில் இடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்கலாம் என்று யாராவது சொன்னால்தான் கேட்பார்கள். வழக்கு முடியும்வரை துணைக்கு ஒரு ஆதரவு நபரை அந்தக் குழுவே நியமிக்கலாம். எங்கள் பிள்ளைக்கு வந்தவர் கோர்ட் எப்படி இருக்கும், ஜட்ஜ் எங்கே உட்காருவார் என்று முன்கூட்டியே அழைத்துப்போய்க் காட்டினார். சாட்சி சொல்லும்போது அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்று அவர் சொன்ன பிறகுதான் பிள்ளை ராத்திரி தூங்கியது என்று அம்மா சொன்னாள்.

என் பங்குக்கு நான் செய்தது, முன்பு போனது போலவே போய்க்கொண்டிருந்தது. போனால் முதலில் பாட்டிக்கு பிரஷர் பார்ப்பேன். பிள்ளையிடம் பள்ளிக்கூடம் பற்றிப் பேசுவேன், கேஸ் பற்றி அதுவாகக் கேட்டால் மட்டும். தெருவுக்கு நான் வழக்கம்போல வந்த நர்சம்மா. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அது வந்த பிறகு மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகிற தன்னார்வலர் பெண்களும் எனக்குக் கண்ணாக ஆகியிருக்கிறார்கள். "அந்த வீட்ல பையன் பத்து நாளா ஸ்கூலுக்குப் போகலங்க, முகமே சரியில்ல" என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்குப் போக்சோ பிரிவு எண் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரிந்திருந்தது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். என் நாளில் பெரும்பகுதி கணினிப் பதிவிலும் அறிக்கையிலும் போகிறது. வீட்டுக்குள் நின்று பேசும் நேரம்தான் முதலில் வெட்டுப்படுகிறது, ஏனென்றால் அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. துணை சுகாதார நிலையங்களில் காலியிடங்களை நிரப்புங்கள் என்று நாங்கள் கேட்பதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். ஒரு செவிலியர் மூன்று ஊரைக் கூடுதலாகப் பார்த்தால், அந்த மூன்று ஊரிலும் கையெழுத்து இல்லாத கட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொன்று உங்களால் முடிந்தது. ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்தான் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், எங்களைப் போன்ற செவிலியர், பிள்ளைகள் தரப்பிலேயே இரண்டு பேர் உறுப்பினர்கள். பல ஊர்களில் இப்படி ஒரு குழு இருப்பது அதன் உறுப்பினர்களுக்கே தெரியாது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபைகள் வரிசையாக வருகின்றன. போய் எழுந்து நின்று, குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், 1098 என்ற எண் பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் நான் கேட்டேன். இப்போது ரேஷன் கடைச் சுவரில் எழுதியிருக்கிறது, பிள்ளைகள் படிக்கிற உயரத்தில்.